ஆர்எஸ்வி கண்டறிய ஆன்டிபாடி: தேர்வு முதல் ஸ்லைடு வரை

சுவாசத் தொற்று தரும் ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸுக்கு (ஆர்எஸ்வி) ஆன்டிபாடி வாங்கலாம் என்று பட்டியலைத் திறந்தால் ‘ஆன்டி-ஆர்எஸ்வி’ என்ற ஒரே பெயரில் பக்கம் பக்கமாக வரும். விலையையும் குப்பியின் அளவையும் மட்டும் பார்த்து எடுத்தால் பெரும்பாலும் பணம் வீண். பார்க்க வேண்டியவை இரண்டு. இது வைரஸின் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது? அந்தப் புரதம் எந்த நிலையில் இருந்தால் பிடிக்கிறது? இயல்பான மடிப்போடு இருக்கும்போது மட்டுமா, அசிட்டோனில் நிலைப்படுத்திய பிறகுமா, எஸ்டிஎஸ் (புரத மடிப்பைப் பிரிக்கும் சோப்புப்பொருள்) சேர்த்துக் கொதிக்க வைத்த பிறகுமா? இந்த இரண்டுக்கும் தகவல் தாளில் பதில் இல்லையென்றால் அந்தக் குப்பியைத் தொடாமல் இருப்பதே மேல்.

எந்தப் புரதம்?

இந்த வைரஸுக்குப் 11 புரதங்கள். கண்டறிதல் வேலைக்கு நான்கு போதும்: என் (N), பி (P), எஃப் (F), ஜி (G).

மாதிரியில் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் என் புரதத்தையே எடுங்கள். 391 அமினோ அமிலங்கள், எடை சுமார் 43 கிலோடால்டன். தொற்றிய செல்லுக்குள் ஏராளமாகச் சேர்கிறது, வைரஸின் ஏ (A), பி (B) வகைகளுக்கிடையே அதிக வேறுபாடு இல்லை, பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறுவதும் இல்லை. பி புரதமும் இதே காரணங்களுக்காக நல்ல இலக்குதான். ஆனால் கணக்குப்படி 27 கிலோடால்டன் இருக்க வேண்டிய இது, புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் 35 அருகே ஓடும். முதல்முறை பார்ப்பவர்கள் வேறு ஏதோ புரதத்தில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நல்ல ஆன்டிபாடியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

எஃப் புரதம்தான் அதிகம் விற்பது, அதிகம் குழப்புவதும் அதுதான். வைரஸின் மேற்பரப்பில் இது இரண்டு வடிவங்களில் இருக்கிறது: செல்லோடு இணைவதற்கு முந்தைய வடிவம், இணைந்த பிறகு வரும் நீண்ட வடிவம். முந்தைய வடிவம் நிலையற்றது. சூடு பட்டாலோ நாள்பட வைத்திருந்தாலோ பிந்தைய வடிவத்துக்கு மாறிவிடும், திரும்பி வராது. பூஜ்யத் தளம் என்று அழைக்கப்படும் உச்சிப்பகுதி முந்தைய வடிவத்தில் மட்டுமே உண்டு. டி25 என்ற ஆன்டிபாடி, நிர்செவிமாப் என்ற தடுப்பு ஆன்டிபாடி இரண்டும் அங்கேதான் ஒட்டுகின்றன. பாலிவிசுமாப், மோட்டாவிசுமாப் ஆகிய ஆன்டிபாடிகள் ஒட்டும் இரண்டாம் தளம் இரண்டு வடிவங்களிலும் இருக்கிறது. எனவே தடுப்பூசிப் புரதத்தின் வடிவம் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க டி25 போன்றவை வேண்டும். நோயாளியின் மாதிரியில் எஃப்பை வைத்து வைரஸைத் தேட இரண்டாம் தளத்து ஆன்டிபாடி வேண்டும். இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டு ‘சிக்னலே வரவில்லை’ என்று தயாரிப்பாளருக்கு எழுதிப் பயனில்லை.

எஃப் விஷயத்தில் இன்னொரு பொறி. 101எஃப், எம்பிஇ8 ஆகிய குளோன்கள் (ஒரே செல் வழி வந்த ஆன்டிபாடிகள்) ஆர்எஸ்வியை மட்டுமல்ல, அதன் நெருங்கிய உறவான மெட்டாநிமோவைரஸையும் பிடிக்கும். சிகிச்சை ஆராய்ச்சியில் இது வரம். எந்த வைரஸ் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய சோதனையில் இதுவே தவறான முடிவுக்கு வழி.

ஜி புரதத்தை வகை பிரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வைரஸில் மிக வேகமாக மாறுவது இதுதான். 1999-இல் பியூனஸ் ஐரிஸில் முதலில் கண்ட பி வகைக் கிளையில் இந்த ஜீனின் 60 நியூக்ளியோடைடுகள் இரட்டித்திருந்தன. 2010-இல் ஒன்டாரியோவில் கண்ட ஏ வகைக் கிளையில் 72. பழைய ஆய்வகத் திரிபான ஏ2-ஐ வைத்து உருவாக்கிய ஜி ஆன்டிபாடி இன்றைய திரிபுகளில் வேலை செய்யும் என்று சோதிக்காமல் நம்பக் கூடாது. ஹெப்-2 என்ற மனிதச் செல்லில் வளர்த்த வைரஸின் ஜி ஜெல்லில் 90 கிலோடால்டன் அருகே அகலமான பூச்சாகத் தெரியும். அதே வைரஸை வீரோ என்ற குரங்குச் செல்லில் வளர்த்தால் கதெப்சின் எல் என்ற நொதி அதை வெட்டிவிடுவதால் 55 அருகே வரும். பட்டை இடம் மாறிவிட்டதே என்று ஆன்டிபாடியைச் சந்தேகிப்பதற்கு முன் வைரஸ் எந்தச் செல்லில் வளர்ந்தது என்று கேளுங்கள்.

மாறாது என்று நம்பும் எஃப் புரதத்திலும் ஒரே ஒரு குளோனை நம்பியிருப்பது ஆபத்து. சுப்டாவுமாப் என்ற சிகிச்சை ஆன்டிபாடி மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றதற்குக் காரணம், அப்போது பரவிய பி வகை வைரஸில் 172-ஆம் இடத்து லூசின் குளுட்டமினாகவும் 173-ஆம் இடத்து செரின் லூசினாகவும் மாறியிருந்ததுதான். மருந்துக்கு நடந்தது சோதனைக் கிட்டுக்கும் நடக்கும். வெவ்வேறு தளங்களில் ஒட்டும் இரண்டு மானோகுளோனல்களை, அதாவது ஒற்றைக் குளோன் ஆன்டிபாடிகளை, கலந்து பயன்படுத்துவது நல்ல காப்பு.

மானோகுளோனலா, பாலிகுளோனலா?

ஆட்டில் உருவாக்கிய பாலிகுளோனல் (பல தளங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் கலவை) சிக்னலை அள்ளித் தரும். வைரஸ் கொஞ்சம் மாறினாலும் விடாது. கண்டறியும் ஆன்டிபாடியாக அதைப் பயன்படுத்தலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆட்டுக்குச் செலுத்திய வைரஸ் ஹெப்-2 செல்லில் வளர்ந்ததாக இருந்தால், அந்தச் செல்லின் புரதங்களுக்கும் மாட்டுச் சீரத்தின் புரதங்களுக்கும் சேர்த்தே ஆடு ஆன்டிபாடி தயாரித்திருக்கும். பிறகு அதே ஹெப்-2 செல்லில் சோதித்தால் தொற்றாத செல்லும் பச்சையாக மின்னும். தீர்வு: வேறு விலங்கினச் செல்லில், உதாரணமாக வீரோவில், சோதியுங்கள். அல்லது தொற்றாத ஹெப்-2 செல்களின் சாற்றோடு ஆன்டிபாடியை 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, மையவிலக்கிச் சுழற்றி, தெளிந்ததை மட்டும் எடுங்கள்.

ஆட்டு ஆன்டிபாடியோடு இன்னொரு தொல்லை. வைரஸில் ஒட்டுவது முதல் ஆன்டிபாடி; அதை வெளிக்காட்ட ஆட்டு ஐஜிஜியை (ஆன்டிபாடிப் புரதத்தை) அடையாளம் காணும் இரண்டாம் ஆன்டிபாடி மாட்டு ஐஜிஜியிலும் ஒட்டும். பால் பவுடரோ மலிவான பிஎஸ்ஏவோ (மாட்டுச் சீர அல்புமின்) போட்டு பிளாக் செய்தால், அதாவது ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி அடைத்தால், அதில் ஒளிந்திருக்கும் மாட்டு ஐஜிஜி தட்டு முழுக்க நிறத்தை ஏற்றும். கழுதையில் உருவாக்கிய இரண்டாம் ஆன்டிபாடி என்றால் கழுதைச் சீரம் கொண்டே பிளாக் செய்யுங்கள்.

குப்பி வந்ததும்

உலர்பொடியாக வந்தால் திறக்கும் முன் சற்றுச் சுழற்றி, பொடியை அடியில் இறக்குங்கள். தாளில் சொன்ன அளவு நீரை விட்டு 15 நிமிடம் அப்படியே விடுங்கள். வோர்டெக்ஸ் (அதிர்கலக்கி) வேண்டாம், நுரை வந்தால் புரதம் கெடும். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவு கையாள வசதி. 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒரு பங்கு ஒரு முறை மட்டும் உருகட்டும். தானே பனி உருக்கிக்கொள்ளும் வீட்டு வகை ஃப்ரீசர் கூடாது, அதன் வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எஃப்ஐடிசி (பச்சையாக ஒளிரும் சாயம்), எச்ஆர்பி (நிறம் உண்டாக்கும் நொதி) இணைத்தவை பொதுவாக 4 டிகிரியில், இருட்டில். எச்ஆர்பி இருக்கும் எதிலும் சோடியம் அசைடு கூடாது, நொதி செயலிழந்துவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று: குப்பியில் ஆன்டிபாடியோடு வேறு என்ன இருக்கிறது? நிலைப்படுத்த பிஎஸ்ஏ சேர்த்திருந்தால் அதை எலிசா (நிறத்தை வைத்து அளக்கும் சோதனை) தட்டில் பூச முடியாது. பிளாஸ்டிக்கின் இடத்தை பிஎஸ்ஏவே பிடித்துக்கொள்ளும். டிரிஸ் பஃபரில் இருந்தால் பயோட்டின் என்ற அடையாளத்தை இணைக்க முடியாது. டிரிஸின் அமீன் வினைப்பொருளைத் தின்றுவிடும். பூசவும் பயோட்டின் இணைக்கவும் போவதாக இருந்தால் ‘பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்), பிஎஸ்ஏ இல்லாதது’ என்று கேட்டு வாங்குங்கள்.

கட்டுப்பாடுகள்

எந்த ஆன்டிபாடியையும் மாதிரியில் தொடுவதற்கு முன் இத்தனையும் ஒரே ஸ்லைடிலோ தட்டிலோ இருக்க வேண்டும்: ஏ வகை தொற்றிய செல் (ஏ2 அல்லது லாங் திரிபு), பி வகை தொற்றிய செல் (18537 போன்றது), தொற்றாத அதே செல், மெட்டாநிமோவைரஸ் தொற்றியது, பாராஇன்ஃப்ளூயன்சா அல்லது இன்ஃப்ளூயன்சா தொற்றியது. கூடவே, முதல் ஆன்டிபாடிக்குப் பதில் அதே ஐசோடைப்பில் (ஆன்டிபாடி உள்வகை), அதே செறிவில் சம்பந்தமில்லாத ஐஜிஜி போட்ட ஒரு கிணறு (ஸ்லைடு அல்லது தட்டின் குழி). முதல் ஆன்டிபாடியே போடாத ஒரு கிணறு. பி வகையை விட்டுவிட்டு ஏ2 மட்டும் வைத்துச் சோதிப்பதுதான் வழக்கமான சோம்பல். ஒரு பருவம் பி வகை மேலோங்கும்போதுதான் அது வெளியே தெரியும்.

உயிருள்ள வைரஸும் நோயாளி மாதிரியும் உயிர்ப்பாதுகாப்பு இரண்டாம் நிலை வேலை. நிலைப்படுத்தும் வரை எல்லாம் பாதுகாப்புக் கேபினெட்டுக்குள்.

ஒளிர்வுச் சோதனை

ஹெப்-2 அல்லது ஏ549 (மனித நுரையீரல் செல்) செல்களை 8 கிணற்றுக் கண்ணாடி ஸ்லைடில் 70-80 சதவீதம் நிரம்பும் வரை வளர்த்து, ஒரு செல்லுக்கு 0.5 தொற்றுத் துகள் என்ற கணக்கில் வைரஸ் விடுங்கள். 37 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு 2 சதவீதச் சீரம் உள்ள ஊடகம். 24 மணி நேரத்தில் நிலைப்படுத்துங்கள். 48, 72 என்று காத்திருந்தால் செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய சின்சிஷியங்களாகி, கழுவும்போது உரிந்து போகும்.

என், பி போன்ற உள் புரதங்களுக்கு அசிட்டோன் எளிது: பிபிஎஸ்ஸில் ஒருமுறை கழுவி, பிளாஸ்டிக் சுவர்களைக் கழற்றி, காற்றில் உலர்த்தி, குளிர்ந்த அசிட்டோனில் 10 நிமிடம். சுவரைக் கழற்ற மறந்தால் அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஸ்லைடு முழுக்கப் படலமாகப் பூசிவிடும். பிளாஸ்டிக் தட்டிலேயே செய்ய வேண்டியிருந்தால் 80 சதவீத அசிட்டோன், மீதி நீர். உலர்ந்த ஸ்லைடுகளை ஈரமுறிஞ்சியோடு மூடி மைனஸ் 70-இல் வைக்கலாம். எடுக்கும்போது அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பெட்டியைத் திறங்கள். இல்லையென்றால் பனிநீர் படிந்து செல்களைக் கெடுக்கும்.

எஃப்பின் முந்தைய வடிவம் வேண்டுமென்றால் அசிட்டோனும் வேண்டாம், மெத்தனாலும் வேண்டாம். உயிருள்ள செல்களை ஐஸில் வைத்து முதலில் ஆன்டிபாடியில் 30 நிமிடம் நனைத்து, கழுவி, அதன் பிறகு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம். பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திவிட்டு உள் புரதத்தைப் பார்க்க விரும்பினால் 0.2 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புப்பொருளில் 10 நிமிடம் துளையிட வேண்டும். இதை விட்டுவிட்டு என் புரதம் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம்.

அடுத்து பிளாக்: இரண்டாம் ஆன்டிபாடி எந்த விலங்கினுடையதோ அதன் சீரம் 5 சதவீதம், 30 நிமிடம். முதல் ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமில் தொடங்குங்கள். கையில் உள்ளது மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் 10 மில்லிலிட்டர் பஃபருக்கு 20 மைக்ரோலிட்டர். இதோடு 4, 1, 0.5, 0.25 ஆகியவற்றையும் ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள். ஈரப் பெட்டியில் 37 டிகிரியில் 45 நிமிடம். பெட்டி உலர்ந்தால் கிணற்றின் ஓரத்தில் வளையமாகப் பச்சை நிற்கும். ஓரம் மட்டும் மின்னினால் அது வைரஸ் இல்லை, வறட்சி.

பிபிஎஸ்ஸில் 5 நிமிடம் வீதம் மூன்று முறை கழுவி, எஃப்ஐடிசி இணைத்த இரண்டாம் ஆன்டிபாடியை 1:200-இல் தொடங்கி, 30 நிமிடம் இருட்டில். அதிலேயே 0.005 சதவீத அளவுக்கு எவன்ஸ் புளூ சேர்த்தால் தொற்றாத செல்கள் செங்கல் சிவப்பாகத் தெரியும். கூடினால் மங்கலான பச்சையை விழுங்கிவிடும். மூடும் கிளிசரால் பிஎச் 8.5 இருக்கட்டும். எஃப்ஐடிசி காரத்தில்தான் நன்றாக ஒளிரும், பிஎச் 7-க்குக் கீழே போனால் மங்கும். பழைய கிளிசரால் பாட்டில் மெல்ல மெல்ல அமிலமாகி எல்லா ஸ்லைடையும் மங்கடிப்பதும், பழி ஆன்டிபாடி மேல் விழுவதும் அடிக்கடி நடக்கிறது.

200 மடங்கில் தேடி 400 மடங்கில் உறுதி செய்யுங்கள். என் அல்லது பி ஆன்டிபாடி என்றால் சைட்டோபிளாசத்தில் உருண்டையான பிரகாசமான மணிகளும் அவற்றைச் சுற்றித் தூவினாற்போல் நுண்புள்ளிகளும் தெரியும்; உட்கரு இருண்ட குழியாக இருக்கும். எஃப் என்றால் செல்லின் விளிம்பு கோடாக ஒளிரும், மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். உட்கரு பச்சையாக இருந்தால் நின்று யோசியுங்கள். ஆர்எஸ்வி பெருகுவது சைட்டோபிளாசத்தில். உட்கருவில் ஒளிர்வது இன்ஃப்ளூயன்சாவின் குணம், அல்லது பின்னணிக் கறை.

நோயாளி மாதிரியில் முக்கால்வாசி வேலை சளியை நீக்குவதுதான். ஐஸில் வந்த மூக்குத்தொண்டை மாதிரியை 500 g விசையில் 10 நிமிடம் சுழற்றி, பிபிஎஸ்ஸில் மெல்ல உறிஞ்சி விட்டு உறிஞ்சி விட்டுச் சளியை உடைத்து, மறுபடி சுழற்றுங்கள். படிவு வெண்மையாக, நூல் இழுக்காமல் இருக்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். 25 மைக்ரோலிட்டர் கிணற்றில் விட்டு உலர்த்தி அசிட்டோன். தூண் வடிவ எபிதீலியச் செல்கள் குறைந்தது 20 இல்லாவிட்டால் ‘நெகட்டிவ்’ என்று எழுதாதீர்கள். ‘மாதிரி போதாது’ என்று எழுதுங்கள். சளி இழைகள் மஞ்சள் பச்சையாக, வடிவமில்லாமல் மின்னும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கொத்துகளும் மின்னும். அவற்றின் புரோட்டீன் ஏ பல வகை ஐஜிஜிகளின் வாலைப் பிடித்துக்கொள்ளும். செல்லுக்குள் இல்லாத ஒளிர்வை எண்ணக் கூடாது. ஐசோடைப் கிணறு இங்கேதான் காப்பாற்றும்.

சாண்ட்விச் எலிசா

இங்கே வைரஸ் புரதம் இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே சிக்கும். தட்டில் பூசிப் பிடிக்கும் ஆன்டிபாடியை பிஎச் 9.6 கார்பனேட் பஃபரில் மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமாக, கிணற்றுக்கு 100 மைக்ரோலிட்டர், 4 டிகிரியில் இரவு முழுக்க. 1 சதவீத பிஎஸ்ஏ 200 மைக்ரோலிட்டரில் ஒரு மணி நேரம் பிளாக். மாதிரி 100 மைக்ரோலிட்டர், 90 நிமிடம். என் புரதத்தைத் தேடினால் மாதிரியை 0.5 சதவீத டிரைட்டானில் 20 நிமிடம் உடைத்த பிறகே போட வேண்டும். அது வைரஸுக்குள்ளும் செல்லுக்குள்ளும் இருக்கிறது. பயோட்டின் இணைத்த கண்டறியும் ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம், ஒரு மணி நேரம். பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி 30 நிமிடம். நிறம் தரும் டிஎம்பி 10-15 நிமிடம். 1 மோலார் கந்தக அமிலத்தில் நிறுத்தி 450 நானோமீட்டரில் படியுங்கள். ஒவ்வொரு படிக்கும் இடையே 0.05 சதவீத ட்வீன்-20 சேர்த்த பிபிஎஸ்ஸில் நான்கு முறை கழுவல், கடைசியில் தட்டைத் துணிமேல் கவிழ்த்துத் தட்டி வடித்தல்.

ஜோடி தேர்வில் பொது விதி, இரண்டும் வெவ்வேறு எபிடோப்பில் (புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டும் இடம்) ஒட்ட வேண்டும் என்பது. என் புரதம் வைரஸில் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒரே குளோனை இரு பக்கமும் வைத்தும் சில சமயம் வேலை நடக்கும். ஆனால் தனித்தனி மூலக்கூறாக இருக்கும் புரதத்தை அளவுகோலாக வைத்தால் அதே ஜோடி பொய்த்துவிடும். மாதிரியில் நன்றாக வருகிறது, ஸ்டாண்டர்டில் வரவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

செறிவுகளை முடிவு செய்யச் செக்கர்போர்டு போடுங்கள்: பிடிக்கும் ஆன்டிபாடி 4, 2, 1, 0.5, கண்டறிவது 1, 0.5, 0.25, 0.125, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ். அதிக ஓடி (நிற அடர்த்தி அளவு) தரும் கிணற்றைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும், அது தவறு. பாசிட்டிவ் 2.8, நெகட்டிவ் 0.40 என்றால் விகிதம் 7. பாசிட்டிவ் 1.6, நெகட்டிவ் 0.08 என்றால் விகிதம் 20. இரண்டாவதுதான் நல்ல சோதனை. எல்லைக்கோட்டுக்கு, குறைந்தது 20 நெகட்டிவ் மாதிரிகளின் சராசரியோடு மூன்று திட்டவிலக்கம் சேர்ப்பது ஒரு தொடக்கம்.

வைரஸ் மிக அதிகமாக இருக்கும் கைக்குழந்தை மாதிரியில், மாதிரியையும் கண்டறியும் ஆன்டிபாடியையும் ஒன்றாகப் போடும் குறுக்குவழியில் சிக்னல் தலைகீழாகக் குறையலாம். ஆன்டிஜென் இரண்டு ஆன்டிபாடிகளையும் தனித்தனியாக நிரப்பிவிடுவதுதான் காரணம். 1:10, 1:100 நீர்த்து மறுபடி ஓட்டினால் ஓடி ஏறும்.

வெஸ்டர்ன் பிளாட்

ஜெல்லில் பிரித்த புரதங்களைச் சவ்வுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடும் இந்த முறையில் சொல்ல அதிகம் இல்லை. 10 சதவீத ஜெல்லில் என் 43, பி 35, எம் என்ற இன்னொரு வைரஸ் புரதம் 28 கிலோடால்டன் அருகே. எஃப்பை ஒடுக்கினால் (டைசல்ஃபைடு பிணைப்பை அறுத்தால்) எஃப்1 துண்டு 50 அருகே நிற்கும். ஒடுக்காவிட்டால் எஃப்1, எஃப்2 டைசல்ஃபைடால் கோத்தபடி 70 அருகே. எஃப்புக்கான பல நல்ல குளோன்கள் மடிப்பை நம்பியவை, கொதிக்க வைத்தால் ஒட்டாது. பிளாட்டில் தோற்றதை வைத்து அவற்றை எலிசாவிலோ ஒளிர்விலோ நிராகரிக்க வேண்டாம். ஒடுக்கும் பொருள் இல்லாத ஒரு பாதையைப் பக்கத்திலேயே ஓட்டினால் விஷயம் தெரிந்துவிடும்.

குழந்தைக்கு ஊசி போட்டிருந்தால்

பாலிவிசுமாப் பெற்ற குழந்தையின் மாதிரியில், சோதனையும் இரண்டாம் தளத்தையே நம்பியிருந்தால், குழந்தையின் உடலில் இருக்கும் மருந்தே தளத்தை மறைத்துப் பொய் நெகட்டிவ் தரலாம். வைரஸ் வளர்ப்பையும் அது கெடுக்கும். நிர்செவிமாப் ஒட்டுவது பூஜ்யத் தளத்தில் என்பதால் ஒன்று, இரண்டு, நான்காம் தளங்களை நம்பும் எஃப் சோதனைகளில் அது குறுக்கிடுவதில்லை. எனவே படிவத்தில் ‘தடுப்பு ஆன்டிபாடி பெற்றதா, எது, எப்போது’ என்ற ஒரு வரி இருக்கட்டும். நோய் அறிகுறி தெளிவாக இருந்தும் ஆன்டிஜென் நெகட்டிவ் என்றால் ஆர்டி-பிசிஆர் செய்யுங்கள். பெரியவர்களின் மாதிரியில் வைரஸ் குறைவாக இருப்பதால் அவர்களுக்கு ஆன்டிஜென் நெகட்டிவை எப்போதும் இப்படித்தான் உறுதிசெய்ய வேண்டும்.

புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்தால் பழைய லாட்டின் கடைசிப் பங்குகள் தீரும் முன்பே இரண்டையும் ஒரே நாளில், ஒரே தட்டில், வலுவான பாசிட்டிவ், எல்லைக்கோட்டு பாசிட்டிவ், நெகட்டிவ் மூன்றிலும் ஓட்டுங்கள். வலுவான பாசிட்டிவில் எந்த லாட்டும் தேறும். வித்தியாசம் தெரிவது எல்லைக்கோட்டு மாதிரியில்தான். அதற்கென்று பலவீனமான மாதிரிகள் சிலவற்றை இப்போதே பங்கு பிரித்து மைனஸ் 70-இல் வைத்துக்கொள்ளுங்கள்.